குருத்து வழியாகக் கேட்டவள்

அண்ணையின் மகள் பிறந்தபோது அவளுக்குக் காதுத் துவாரம் இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்குக் காதுமடல் இருக்கும் இடத்தில், இரண்டு பக்கமும், கோதுடைத்த கச்சான் கடலை அளவில் ஒரு சின்னக் குருத்து மட்டும் தோலுக்குள் சுருண்டு கிடந்தது. தோடு குத்தும் சோணைகூட இல்லை. பிரசவ அறைக்கு வெளியே தாதியும் நின்றார், வைத்தியரும் நின்றார். அண்ணை என்னிடம்தான் வந்தார்.

"நீதானே காது படிச்சனி. சொல்லு, இவளுக்குக் கேக்குமோ?"

செவிப்புலன் பரிசோதனைப் படிப்பை முடித்து நான் ஆசுபத்திரியில் வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் அந்த வாசலை மிதித்ததில்லை. அண்ணை போக வேண்டிய வயதில் இடப்பெயர்வு, முகாம், திரும்பவும் இடப்பெயர்வு. பன்னிரண்டு வயதில் அவர் மீன்பிடி வள்ளத்தில் ஏறிவிட்டார். அதன்பிறகு எனக்கு வந்த சப்பாத்து, புத்தகப் பை எல்லாம் அவர் வலை இழுத்து வந்தவை. வேலை கிடைத்த புதிதில் பெயர் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே பேருந்தில் வீட்டுக்கு வருவேன். தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் மீன் வாங்க இறங்கினாலும் அது கழுத்தில் தொங்கும். யாராவது அதை வாசிக்க மாட்டார்களா என்று இருக்கும்.

"கேக்கும் அண்ணை," என்றேன். "உள்காது நல்லா இருந்தால் எலும்பு வழியாக் கேக்க வைக்கலாம்."

உள்காது நன்றாகத்தான் இருந்தது. எட்டாம் மாதத்தில் அவளுக்கு ஒரு பட்டி வந்தது. தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் துணிப்பட்டி. அதில் தீப்பெட்டியிலும் சிறிய ஒரு கருவி. காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பை அழுத்திக்கொண்டு அது அதிரும்; அந்த அதிர்வு மண்டையோட்டின் வழியாக உள்காதுக்குப் போய்ச் சேரும். அவள் கேட்டாள். பேசினாள். "அப்பா" என்பதற்கு முன்னால் "மீன்" என்றாள். அண்ணைக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

வளர வளரத்தான் கரைச்சல் தொடங்கியது. எலும்பு வழி என்றால் அழுத்தம் வேண்டும். பட்டி தளர்ந்தால் சத்தம் மங்கிவிடும், இறுக்கினால் தோல் சிவந்துவிடும். எங்கள் ஊர் வெயிலில், உப்புக்காற்றில், வேர்த்து ஒழுகும் தலையில் அந்தப் பட்டியை வைத்திருக்க ஒரு பெரிய ஆளாலேயே முடியாது. அவள் கழற்றினாள். கழற்றி ஒளித்தாள். அரிசி வாளிக்குள் ஒரு நாள், கோழிக்கூட்டுக்குள் ஒரு நாள். ஒருமுறை வலைக் குவியலுக்குள் கிடந்ததை வள்ளத்தில் ஏற்றும் நேரத்தில் கண்டெடுத்தோம்.

"உது கடலுக்குப் போயிருந்தால் திருக்கையளுக்குக் காது கேட்டிருக்கும்," என்றார் அண்ணை.

அவளுக்கு ஐந்து வயது நடந்தபோது, முதலாம் தரத்தில் சேர்ப்பது பற்றிக் கேட்க, அண்ணையின் மனைவியும் நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அதிபர் அம்மா எங்களை இருத்தி நிதானமாகக் கதைத்தார்.

"பிள்ளை கெட்டிக்காரி, அதிலை எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன்பள்ளி ரீச்சர் சொல்லுறா, வந்து அரை மணித்தியாலத்திலை உதைக் கழட்டிப் போடுதாம். கழட்டினால் பிறகு ஒண்டும் கேளாது. திருப்பிப் போட வெளிக்கிட்டால் அழுகையாம். முப்பத்தெட்டுப் பிள்ளையளோடை ஒரு ரீச்சர் என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

"வேறை வழி பாக்கிறம் ரீச்சர்," என்றேன்.

"பாருங்கோ. தை மாதம் ஒரு நாள் வகுப்பிலை இருத்திப் பாப்பம். மணி அடிக்கும் வரைக்கும் கருவியைக் கழட்டாமல் இருந்தால் பதியிறன். இல்லாட்டி விசேட பாடசாலைக்குக் கடிதம் தாறன். அங்கை விடுதியும் இருக்கு. நல்லாப் பாப்பினம்."

அவர் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாடசாலையும் கெட்டதல்ல. அங்கே படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் திரும்பி வரும்போது, வீட்டு ஒழுங்கைக்குள் நுழைந்ததும் மச்சாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுதியோ? அவள் இப்பவும் என்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டுதானே நித்திரை கொள்ளுறவள்."

அடுத்த கிழமை எங்கள் காது மூக்கு தொண்டை வைத்திய நிபுணரிடம் இதைச் சொன்னேன். அவர் பிள்ளையின் கோப்பைப் புரட்டிவிட்டு, "எலும்பை விடும். குருத்தைப் பாப்பம்," என்றார்.

படிக்கும்போது ஒலி போகும் பாதைகள் இரண்டு என்றுதான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்று காற்று வழி: மடல், துவாரம், செவிப்பறை, அதற்குப் பின்னால் மூன்று சின்ன எலும்புகள், பிறகு உள்காது. மற்றது எலும்பு வழி. மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். காதுமடலுக்கு வடிவம் கொடுக்கிற, வளைத்தால் வளைந்து விட்டால் நிமிர்கிற அந்தக் குருத்து இருக்கிறதே, பாடப்புத்தகத்தில் கசியிழையம் என்று வருவது, அதுவும் ஒலியைக் கொண்டுபோகும். அதிர்கிற சின்னப் பொருள் ஒன்றை அதன்மேல் வைத்தால் குருத்து அதிரும். சாதாரணக் காதில், துவாரத்தின் வெளிப்பாதிச் சுவரும் குருத்துத்தான். அது அதிரும்போது துவாரத்துக்குள் இருக்கும் காற்றும் ஒலிக்கும். துவாரமே இல்லாத காதில், பின்னால் இருக்கும் மென்மையான சதை வழியாக அந்த அதிர்வு உள்ளே போகும்.

அன்று வேலை முடிந்தபின் பரிசோதனை அறையில் தனியாக இருந்து எனக்கே செய்து பார்த்தேன். அந்த அறைச் சுவருக்கு வெளிச்சத்தம் உள்ளே வராதபடி பஞ்சுப் பலகை அடித்திருக்கும். மூச்சு விடுவதுகூடப் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழிச் சோதனைக்கு வைத்திருக்கும் சின்ன அதிர்வியைக் கைத்தொலைபேசியோடு இணைத்து, விரலால் பிடித்து, துவாரத்தின் முன்னால் துருத்தி நிற்கும் குருத்தில் மெல்ல வைத்தேன். கைத்தொலைபேசியில் வந்த செய்தி வாசிப்பவரின் குரல் தலைக்குள் தெளிவாக எழுந்தது. அழுத்திப் பார்த்தேன். அழுத்தியதால் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. கையைத் தளர்த்தினேன், குரல் அப்படியே நின்றது. பிறகு சோணையில் வைத்தேன். குரல் எங்கோ தூரப் போய்விட்டது. சோணைக்குள் குருத்து இல்லை, வெறும் சதையும் கொழுப்பும்தான். இத்தனை வருடம் தோடு போட்டும் இதை நான் யோசித்ததில்லை.

எலும்பு பாரமானது, அழுத்தினால்தான் அசையும். குருத்து இலேசு, தொட்டால் போதும். பட்டி வேண்டாம், சிவப்பு வேண்டாம். பேருந்தில் எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது.

வைத்தியரோடு படித்த ஒருவர் வெளிநாட்டில் இருந்து குருத்தில் வைக்கிற கருவி ஒரு சோடி அனுப்புவதாக ஒத்துக்கொண்டார். பொருந்தினால் பிள்ளைக்கே. மார்கழியில் வந்து சேரும் என்றார்கள். அன்றிரவுச் சாப்பாட்டில் நான் வீட்டுக்கு அறிவித்தேன். அறிவித்தேன் என்பதுதான் சரியான சொல்.

"புதுக் கருவி வருகுது. அதுவரைக்கும் பிள்ளையின்ரை காதிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

மச்சாள் புட்டைக் குழைத்த கையை நிறுத்தினார். "சந்நிதி முருகனுக்குக் காது குத்திற நேத்திக்கடன் ஒண்டு கிடக்கு. பள்ளிக்கூடம் போகமுதல் செய்யிறதெண்டு..."

"அது பிறகு பாப்பம் மச்சாள். இப்ப வேண்டாம். நான் சொல்லுறதைக் கேளுங்கோ."

"ஓமோம்," என்றார் அண்ணை, "கவுண்மேந்து உத்தரவு போடுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து வந்தபோது வாசலில் இரண்டு மூன்று சோடிச் செருப்பு கூடுதலாகக் கிடந்தது. உள்ளே சர்க்கரைப் புக்கை மணம். பிள்ளை புதுப் பச்சைப் பாவாடையோடு ஓடி வந்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள். இரண்டு குருத்திலும், மஞ்சள் பூசி, குண்டுமணி அளவில் பொன் தோடு.

காலையில் நான் வேலைக்குப் போனபின் சந்நிதிக்குப் போய்க் குத்திவிட்டு வந்திருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் இருத்தி, எங்கள் ஊர்ப் பத்தர் குத்தியிருக்கிறார். பரம்பரையாக நகை செய்கிறவர். பிள்ளைக்குச் சோணை இல்லாததைக் கண்டு முதலில் தயங்கினாராம். பிறகு, நேர்த்தி குறையக்கூடாது, பிள்ளையும் மற்றப் பிள்ளைகளுக்குக் குறைந்துபோகக்கூடாது என்று குருத்தின் நடுவிலேயே ஊசியை இறக்கியிருக்கிறார்.

"ஆர் உங்களைச் செய்யச் சொன்னது?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அதிலை என்னடி? பொம்பிளைப் பிள்ளை. பள்ளிக்கூடம் போகேக்கை வெறுங்காதோ?" என்றார் அண்ணை. அவர் முற்றத்தில் இருந்து வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "வடிவா இருக்கெல்லோ?"

"தொட வேண்டாம் எண்டு நான் சொன்னது கேக்கேல்லையோ? இது படிப்பறிவில்லாத ஆக்கள் செய்யிற வேலை."

சொன்ன உடனேயே அதைத் திருப்பி எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணை என் கழுத்து அட்டையை ஒருமுறை பார்த்தார். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு எழும்பிக் கரைப்பக்கம் போனார்.

அதன்பிறகு ஐந்து கிழமை அவர் என்னோடு நேரே கதைக்கவில்லை. எல்லாம் பிள்ளை வழியாகத்தான். "குஞ்சு, உன்ரை மாமியைச் சாப்பிடச் சொல்லு." அவள் பட்டி போட்டிருந்தால் செய்தி வரும். கழற்றியிருந்தால் வராது. அண்ணை சொன்னது எனக்கும் கேட்கும்தான். ஆனாலும் தூதர் வந்து சொல்லும்வரை நானும் எழும்பமாட்டேன். அப்படிச் சில நாள் ஆறிய சோற்றைச் சாப்பிட்டேன்.

குத்திய மறுநாளே இடது குருத்து சிவந்து வீங்கிவிட்டது. மச்சாளும் நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வைத்தியர் பார்த்துவிட்டு மருந்து எழுதினார். இன்னும் சீழ் கட்டவில்லை, தோட்டைக் கழற்றாமல் சுத்தமாக வைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீரும் பிள்ளையோடை ஒரே வீட்டிலைதானே இருக்கிறீர்? சொல்லேல்லையோ?"

"சொன்னனான் டொக்டர். தொட வேண்டாம் எண்டு."

"ஏன் எண்டு சொன்னனீரோ?"

நான் மருந்துத் துண்டை நாலாக மடித்தேன். மச்சாள் பக்கத்தில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பேருந்தில் அவரிடம் சொன்னேன். சோணையில் குத்தினால் இரத்தம் ஓடிக் காயம் கெதியாக ஆறும். குருத்துக்குத் தனக்கென்று இரத்த ஓட்டம் இல்லை, மேலிருக்கும் தோலிடம் வாங்கித்தான் பிழைக்கிறது. அதில் நோய் தொற்றினால் குருத்தே கரைந்துபோகும். எங்கள் பிள்ளைக்கு இருப்பது இந்த இரண்டு துண்டுதான். புதுக் கருவி நிற்கப்போவதும் இதன்மேல்தான். இது போனால் திரும்பவும் பட்டி.

மச்சாள் பிள்ளையின் தலையைத் தன் தோளில் சாய்த்தபடி முழுவதையும் கேட்டார்.

"உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே," என்றார். "நான் நினைச்சன், உமக்கு வெக்கமாக்கும் எண்டு. காதில்லாத பிள்ளைக்குத் தோடு என்னத்துக்கு எண்டு சனம் சிரிக்கும், நீர் அதுக்குத்தான் மறிக்கிறீர் எண்டு. அதுதான் நானும் வீம்புக்குக் கூட்டிக்கொண்டு போனனான்."

"ஐயோ, இல்லை மச்சாள்," என்று உடனே சொன்னேன். சொன்னபிறகு, அது முழுக்க உண்மையா என்று யோசித்துப் பார்த்தேன். சந்தியில் தெரிந்தவர்களைக் கண்டால் பிள்ளையின் தலைமயிரை இழுத்து அந்தக் குருத்துகளை மூடிவிடுவது என் கைதான். மச்சாள் அப்படிச் செய்ததில்லை.

காயம் ஆறியது. மார்கழி நடுவில் கருவியும் வந்தது. ஒவ்வொரு அதிர்வியும் ஒரு கடலை அளவு. அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்று கழுத்துக்குப் பின்னால் கொழுவும் சின்னப் பெட்டிக்குப் போகும். பரிசோதனை அறையில் அவளை இருத்தி, இரண்டு பக்கமும் ஒட்டும் பிளாஸ்டரால், தோட்டுக்குக் கீழே மிஞ்சிய இடத்தில் அவற்றை ஒட்டினேன். கருவியை இயக்கினேன். அவள் இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்தாள்.

"பட்டி எங்கை மாமி?"

"பட்டி இல்லைக் குஞ்சு."

"அப்ப நீங்கள் எப்பிடிக் கதைக்கிறியள்?"

நான் அவளுக்குப் பின்னால் போய் நின்று வாயைக் கையால் மறைத்து மெதுவாகச் சொற்களைச் சொன்னேன். வாளி. வண்டி. மாடு. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். நாலாவது சொல்லுக்கு முன், தாளில் மூன்று சரி போடக் குனிந்தேன். "முடிஞ்சுதோ?" என்று திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் பிளாஸ்டர் நிற்கவில்லை. பரிசோதனை அறையில் குளிரூட்டி இருந்தது, வீட்டில் இல்லை. ஒரு மணித்தியாலத்தில் வேர்வையில் ஊறி ஒரு பக்கம் கழன்று தொங்கும். துடைத்து ஒட்டினால் அடுத்த பக்கம். ஒருநாள் கிணற்றடியில் கிடந்த அதிர்வியைக் கோழி கொத்திக்கொண்டு போனது; மச்சாள் விளக்குமாற்றோடு துரத்தித்தான் மீட்டார். வேறு வேறு பிளாஸ்டர் வாங்கிப் பார்த்தேன். ஒன்று நின்றது, ஆனால் எடுக்கும்போது தோலும் கூடவே வந்தது. வகுப்பில் இருத்திப் பார்க்கும் நாளுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது.

மச்சாள்தான் சொன்னார். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பிள்ளையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உதை அந்தத் தோட்டிலை கொழுவினால் என்ன?"

என் வாயில் "ஏலாது" என்பது வந்துவிட்டது. விழுங்கினேன். பாரம் குத்திய இடத்தை இழுக்குமா, பொன் முட்டி இரையுமா, எனக்கு உண்மையில் தெரியாது. அடுத்த நாள் வைத்தியரிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "குத்தினது பிழை. ஆனால் குத்தியாச்சு. சிவக்காமல் இருந்தால் செய்து பாருங்கோ. ரெண்டு நாளைக்கு ஒருக்கா எனக்குக் காட்ட வேணும்." இதைப் படிக்கிற யாரும் பிள்ளையின் குருத்தில் குத்தப் புறப்பட வேண்டாம் என்பதற்காக அவர் சொன்ன முதல் வசனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பத்தரிடம் அண்ணைதான் மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போனார். பிள்ளை முன்னால், நான் பின்னால். பத்தர் எங்களைக் கண்டதும் எழும்பிவிட்டார். வீங்கிய செய்தி அவருக்குப் போயிருந்தது.

"நான் செய்த வினை பிள்ளை. எனக்கு அண்டைக்கே கை கூசினது."

"இப்ப அதுக்கு வரேல்லை ஐயா," என்றேன். அதிர்வியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இது தோட்டிலை கொழுவி நிக்க வேணும்."

அவர் மெல்லிய தகட்டில் ஒரு கிண்ணியும் கொழுக்கியும் செய்து, அதிர்வியை இறுக்கமாக அதற்குள் வைத்துத் தோட்டில் மாட்டினார். நல்ல வேலை. அசையவே இல்லை. நான் கருவியை இயக்கினேன். பிள்ளை முகத்தைச் சுளித்தாள்.

"மாமி, வண்டு! உள்ளுக்கை வண்டு கத்துது!"

பத்தர் பயந்துபோனார். "இன்னும் இறுக்கட்டோ?"

அந்த இடத்தில் நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒலி எப்படி அதிர்வாகிறது, அந்த அதிர்வு குருத்துக்குள் எப்படிப் போகிறது, உள்ளே சங்கு மாதிரிச் சுருண்ட இடத்தில் எப்படிச் சத்தமாக மாறுகிறது. அழுத்தத் தேவையில்லை, தொட்டால் போதும், ஆனால் தொட்டபடியே இருக்க வேண்டும் என்று என் விரலை அவர் காதுக் குருத்தில் வைத்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"விளங்குது," என்றார். "தகடும் உதுவும் ஒண்டோடை ஒண்டு முட்டுது. கொலுசு மணி மாதிரி. அதுதான் இரையுது. நடுவிலை ஏதும் மெத்தெண்டு வேணும்."

மேசை லாச்சியைத் திறந்து தேடினார். பட்டுத்துணி வைத்துப் பார்த்தார், வண்டு கொஞ்சம் அடங்கியது. கடைசியில் அண்ணை வெளியே போய், மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்து ஒட்டுப்போடுகிற ரப்பர் ரியூப் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். பத்தர் அதை நகமளவு வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, கிண்ணிக்குள் வைத்தார்.

"இப்ப?"

பிள்ளை கொஞ்ச நேரம் கேட்டாள். "வண்டு செத்துப்போச்சு."

பத்தர் கொழுக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அண்ணை என்னைப் பார்க்காமல், தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஐந்து கிழமைக்குப் பின் நேரே வந்த முதல் கதை.

"இவ்வளவும் எனக்குச் சொல்லியிருந்தால் நான் சந்நிதிக்குப் போயிருக்கமாட்டன்."

"உங்களுக்கு விளங்காது எண்டு நினைச்சிட்டன் அண்ணை."

"இப்ப எனக்கு விளங்கிச்சே?"

"விளங்கிச்சு."

"ம்," என்றார். "உன்ரை காதிலை என்ன அடைச்சுக் கிடந்தது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை." பத்தர் சிரித்துவிட்டார். நானும்தான்.

தையில் அந்த நாள் வந்தது. பிள்ளை வெள்ளைச் சட்டையோடு முன் வரிசையில் இருந்தாள். மச்சாள் பார்க்கமாட்டேன் என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். நான் லீவு போட்டிருந்தேன். அண்ணை கடலுக்குப் போகவில்லை. வேப்பமரத்தடியில் நின்றோம். எட்டு மணி. ஒன்பது மணி. யன்னலால் அவளுடைய பின்தலையும் இரண்டு பொன் புள்ளியும் தெரிந்தன. ரீச்சர் கேட்பதற்கு மற்றவர்களோடு சேர்ந்து கை உயர்த்தினாள்.

பத்தரை மணிக்கு மழை பிடித்தது. மழை முடிந்துபோகிற காலத்து மழை. வந்தால் கொட்டித்தான் போகும். அண்ணையும் நானும் ஓடி வகுப்பு விறாந்தையில் ஏறினோம். அந்தக் கட்டடத்துக்குத் தகரக் கூரை. சத்தம் தலையில் கல் கொட்டுவதுபோல இருந்தது. பிள்ளைகள் எல்லாம் கையால் காதைப் பொத்திக்கொண்டு கத்திச் சிரித்தார்கள். ரீச்சர் கதைப்பதை விட்டுவிட்டுக் கரும்பலகையில் படம் கீறத் தொடங்கினார்.

எங்கள் பிள்ளையின் கை காதுக்குப் போனது. ஒரு பக்கம் கழற்றினாள். மற்றப் பக்கம் கழற்றினாள். இரண்டையும் வயரோடும் கழுத்துப் பெட்டியோடும் பென்சில் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"முடிஞ்சுது," என்றார் அண்ணை.

எனக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினேன். அதிபர் அம்மா, குடையோடு. அவரும் பார்த்துவிட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது என்று கையால் காட்டினார். மூவரும் அப்படியே நின்றோம். பத்து நிமிடம் இருக்கும். எனக்கு விசேட பாடசாலையின் விடுதிக் கட்டில்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

மழை ஓய்ந்தது. கூரையில் இருந்து சொட்டும் சத்தம் மட்டும். மற்றப் பிள்ளைகள் காதில் இருந்து கையை எடுத்தார்கள். எங்கள் பிள்ளை சுற்றிப் பார்த்தாள், அந்தக் கைகளைப் பார்த்தாள். பென்சில் பெட்டியைத் திறந்தாள். கண்ணாடி இல்லாமல், யாரும் சொல்லாமல், சின்னப் பெட்டியைப் பின்கழுத்தில் கொழுவி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது பக்கம் கொழுவினாள். பிறகு இடது. பெண்கள் வெளிக்கிடும்போது தோடு போடுவது போலத்தான் இருந்தது. ரீச்சர் படத்தைக் கீறி முடித்துவிட்டு "இது என்ன?" என்று திரும்பியபோது அவள் கை எல்லோருக்கும் முன்னால் உயர்ந்திருந்தது. அவள் கழற்றியதையே ரீச்சர் காணவில்லை.

அதிபர் அம்மா குடையை மடக்கினார். "ஏலுமெண்டால் நானும் என்ரை காதைக் கழட்டித்தான் வைச்சிருப்பன்," என்றார். "உந்தத் தகரத்துக்குக் கீழை இருபது வருஷம்."

"மணி அடிக்கும் வரைக்கும் கழட்டக்கூடாது எண்டு சொன்னனியள்," என்றேன். எனக்கு எல்லாவற்றையும் சரியாகக் கேட்டுவிட வேண்டும் போல இருந்தது.

"சொன்னனான். கழட்டுறதை மட்டும்தான் நான் யோசிச்சனான். தானாப் போடுவாள் எண்டு எனக்கு ஆர் சொன்னது?" அவர் அண்ணையைப் பார்த்தார். "மணி அடிக்கட்டும். ஒஃபிசுக்கு வாங்கோ."

பதினொன்றரைக்கு மணி அடித்தது. அலுவலகத்தில் பதிவுப் படிவத்தை மேசையில் வைத்தார்கள். நான் பழக்கத்தில் பேனையை எடுத்தேன். எங்கள் வீட்டுப் படிவங்கள் எல்லாம் நான் நிரப்புவதுதான். அண்ணை கையை நீட்டினார்.

"தா. பேரை நான் எழுதுறன்."

அவருக்கு எழுத வருமென்று எனக்குத் தெரியாது. எப்போது, யாரிடம் பழகினார் என்று இன்றுவரை சொல்லவில்லை. கதிரையில் முன்னால் நகர்ந்திருந்து, பேனையை வலை ஊசி பிடிப்பதுபோல் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக மகளின் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக் கட்டத்துக்கு வெளியே போனது. அதிபர் அம்மா அவசரப்படுத்தவில்லை. பிள்ளை அவர் முழங்கையடியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

அடுத்த வரியில் விரலை வைத்து என்னைக் கேட்டார். "இதிலை என்ன கேட்டுக் கிடக்கு?"

"பிள்ளையைப் பற்றி ஆசிரியர் தெரிந்திருக்க வேண்டியது."

"அதுக்கு என்ன எழுதுறது?"

யோசித்தேன். "இரண்டு காதிலும் கருவி அணிந்துள்ளார். பெருமழை பெய்யும்போது கழற்றுவார். மழை விட்டதும் தானாக அணிந்துகொள்வார்."

அண்ணை அந்த வரியின் நீளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உவ்வளவும் என்னாலை ஏலாது," என்று பேனையை என்னிடம் தந்தார். "உதை நீ எழுது."